வீல் பளபளக்குது... அந்தப் பையன் கை?

எங்க மாமாகிட்ட ஒரு பழைய கார் இருக்கிறது. காரை விடப் பழைய ஆசை ஒன்றும் இருக்கிறது. நாலு அலாய் வீலிலும் பெயிண்ட்டை உரித்து, கண்ணாடி மாதிரி மின்ன வைக்க வேண்டும். ஏலகிரி மலைக்குப் போனால் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் எதிரே வருகிறவனுக்குக் கண் கூச வேண்டுமாம்! போன மாதம் திருப்பத்தூரில் ஒரு பட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

தகரக் கொட்டகை. தூசி தெருவுக்குப் போகக் கூடாதென்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். உள்ளே பத்தொன்பது வயசு இருக்கும் ஒரு பையன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வீலில் பெயிண்ட் ரிமூவரைத் தடவினான். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு எழுந்தது. பட்டி பிளேடை எடுத்து வெறுங்கையால் சுரண்ட ஆரம்பித்தான்.

"தம்பி, கிளவுஸ் இல்லையா?"

"போட்டா அதுவே கரைஞ்சிடுதுண்ணா. கையே தேவல."

"தலை சுத்தாதா?"

"சுத்தும்ணா. வெளிய போய் ஒரு டீ அடிச்சா சரியாயிடும்."

மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளவுஸைக் கரைக்கிற ஒன்று கையை மட்டும் சும்மா விடுமா?

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். டைகுளோரோமீத்தேன். பழைய பெயர் மெத்திலீன் குளோரைடு. எச்சரிக்கை எல்லாம் எறும்பு சைஸ் எழுத்தில், ஆங்கிலத்தில். அந்தப் பையன் எட்டாவதோடு நின்றவன்.

கெமிஸ்ட்ரி படிக்கிறவன் என்பதால் இங்கே கொஞ்சம் அறுக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் திரவம் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆவி காற்றை விட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். மேலே போகாது, தரையோரம் தேங்கும். அதாவது, குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் மூக்கு இருக்கிற உயரத்தில்! மூச்சு வழியே உள்ளே போனது மயக்க மருந்து மாதிரி மூளையை மந்தமாக்கும். அதில் ஒரு பகுதியை உடம்பு கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. இந்த மாற்றம் வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் நடக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் அவன் ரத்தம் ஆக்சிஜனுக்குத் திணறிக்கொண்டுதான் இருக்கிறது.

இது ஏதோ புது ஆராய்ச்சி இல்லை. இந்த வகை ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2009லேயே முடிவு செய்தது. அமெரிக்கா 2019ல் அதையே செய்தது. 2024ல் பெரும்பாலான தொழில் பயன்பாட்டுக்கும் தடை போட்டது. 1980க்குப் பிறகு இதை சுவாசித்துக் குறைந்தது 85 பேர் செத்திருக்கிறார்கள் என்று அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பே சொல்கிறது. இங்கே? மறுநாள் ஒரு கடையில் போய்க் கேட்டுப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. "அரை லிட்டரா, ஒரு லிட்டரா?" அவ்வளவுதான்.

சரி, பெயிண்ட் போயாச்சு. அடுத்தது பாலீஷ். 320 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 400, 600, 1000 என்று 2000 வரை தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியில் மெட்டல் பாலீஷும் பனியன் வேஸ்ட்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு வீலுக்கே ஒரு நாள் போய்விடும். தண்ணீர் விட்டுக் கையால் தேய்க்கிறவரை தூசி பறக்காது. அந்த வேலை மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் நாம் கேட்பது சாயங்காலத்துக்குள் நாலு வீல், அதுவும் பேரம் பேசி. உடனே ட்ரில்லில் பஃப் மாட்டி உலர்வாகத் தேய்க்கிறார்கள். கொட்டகை முழுக்க அலுமினியத் தூள்.

அலுமினியத் தூள் எரியும். காற்றில் கலந்தால் வெடிக்கும். 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி சீனாவில் குன்ஷான் என்ற ஊரில், கார் வீல்களுக்குப் பாலீஷ் போடும் தொழிற்சாலை இப்படித்தான் வெடித்தது. தூசி உறிஞ்சும் கருவியில் சேர்ந்த தூளில் ஈரம் பட்டுச் சூடேறித் தீப்பிடித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் 146 பேர் செத்தார்கள். காரை ரிப்பேர் செய்யப் போனவர்கள் இல்லை, பளபளப்பாக்கப் போனவர்கள்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது வந்த பதில்களையும் பார்த்துவிடுவோம்.

"நம்ம கொட்டகையும் சீனா ஃபேக்டரியும் ஒண்ணாடா?" இல்லை, நிச்சயமாக அவ்வளவு பெரிதாக வெடிக்காது. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. 2020ல் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. மூணு பேர் வேலை செய்யும் பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் நுரையீரலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதே!

"அவன் இஷ்டப்பட்டுத்தானே செய்யறான்?" டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவனுக்கு ஏது இஷ்டம்? அவனுக்கு அதை யாராவது தமிழில் சொன்னார்களா?

"வீலுக்கு நல்லதுடா." இதுதான் பெரிய ஜோக். நாம் காசு கொடுத்து உரிப்பது அழுக்கை இல்லை. அலுமினியத்தைக் காப்பாற்றத் தொழிற்சாலையில் போட்ட பூச்சை. அது போனால் மழையும் பிரேக் தூசியும் நேராக உலோகத்தில் படும். மங்கும். மறுபடி பாலீஷ், மறுபடி அதே பையன்.

கடைசியாக ஒன்று. சுரண்டிய சேறும் கழுவிய தண்ணீரும் எங்கே போயின தெரியுமா? நேராகச் சாக்கடைக்கு. வாணியம்பாடியும் ஆம்பூரும் நம்ம மாவட்டத்தில்தான் இருக்கின்றன. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த வழக்கில்தான் 1996ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துகிறவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது. தோல் முதலாளிகளைத் திட்டும்போது நமக்கு நாக்கு நீளும். இங்கே மாசுபடுத்துகிறவன் யார்? பட்டறைப் பையனா? வீல் மின்ன வேண்டும் என்று கேட்ட எங்க மாமாதான். கூடப் போய் வேடிக்கை பார்த்த நானும்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டப்பா மேல் எச்சரிக்கையைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடுங்கள். இந்தச் சரக்கை ஹார்டுவேர் கடையில் சில்லறைக்கு விற்பதை நிறுத்துங்கள். கார் வைத்திருப்பவர்களே, "எவ்வளவுப்பா?" என்று கேட்பதற்கு முன் "எதைப் போட்டு உரிக்கிறீங்க?" என்று கேளுங்கள். பழைய பெயிண்ட் உரியாமல் உறுதியாக இருந்தால், அதைச் சுத்தம் செய்து தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்துவிட்டு, அதன் மேலேயே புதுக் கோட்டிங் அடிக்கலாம்.

மாமா வீல் நாலும் அன்று சாயங்காலமே மின்னின. இரண்டு மழை பெய்தது. இப்போது பழைய சாதக் குண்டான் மாதிரி இருக்கின்றன. மறுபடி பட்டறைக்குப் போகலாமா என்கிறார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.