தொட்டிக்குள் விழுந்த பேனா!

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் பொழுது புலருமுன்பே டீக்கடை விழித்துக்கொள்கிறது. ஏலக்காட்டுக்குப் போகும் ஜீப் வரும்வரை தோழர்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம். ஒரு கையில் தேநீர், மறு கையில் ஏடு. ஒருவர் வாசிப்பார், மற்றவர் கேட்பர். தூக்குவாளியோடு பெண்கள் சாலையோரம் நிற்பார்கள். ஜீப் வந்துவிட்டால் ஏடு மடிக்கப்படும். மனிதர்களும் ஜீப்புக்குள் மடிக்கப்படுவார்கள்!

அந்தக் கால் மணி நேரத்தில் அவர்கள் படிக்கக் கிடைப்பது என்ன?

நான்காம் பக்கத்தில் ஒரு விமர்சகப் பெருமகனார் கண்ணீர் வடிக்கிறார். நாட்டில் ரசனை நாசமாகிவிட்டதாம். பாமர மக்கள் திரைக் கவர்ச்சியில் மூழ்கிவிட்டார்களாம். நடிகரின் படத்துக்குப் பாலூற்றும் கூட்டத்துக்குச் சிந்தனை எப்படி வரும் என்று கேட்கிறார். என்னே கவலை! என்னே அக்கறை!

பக்கத்தைப் புரட்டுகிறோம். 'மூன்றெழுத்து நடிகை' எந்த ஊருக்கு யாருடன் போனார்? 'உயர்ந்த நடிகர்' வீட்டில் நள்ளிரவில் என்ன சத்தம்? எல்லாம் அங்கே இருக்கிறது. பெயர் இல்லை, ஆனால் பிள்ளைக்கும் புரியும்படி குறிப்பு இருக்கிறது. வழக்கு வந்தால் தப்பிக்க ஒரு சந்து. வாசகன் கண்டுபிடிக்க ஒரு வாசல்! முன்பக்கம் உபதேசம், பின்பக்கம் வியாபாரம். கள்ளுக்கடை வாசலில் மதுவிலக்குப் பிரசங்கம் செய்துவிட்டு, உள்ளே போய்க் கல்லாவில் உட்காருகிறவரை என்னவென்று அழைப்பது?

அந்தப் பெருமகனாரின் பெயரைக் கேட்பீர்கள். ஒருவராக இருந்தால் சொல்லிவிடலாம். இது ஒரு கூட்டம். இப்போது ஏட்டில் மட்டுமல்ல. தொலைக்காட்சியில் இருக்கிறது, கைப்பேசிக்குள் யூடியூப்பாகவும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பழைய சரக்குதான்!

இந்தச் சரக்கு புதிதன்று. 1940-களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்றொருவர் இருந்தார். 'சினிமா தூது', அதன் பின்னர் 'இந்து நேசன்' என ஏடு நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம்தான் அவற்றின் சரக்கு. எழுதாமல் இருக்கவும் பணம் கேட்டார் என்பது அந்நாளைய குற்றச்சாட்டு. முன்னரே பொய்ப் பத்திரம் தயாரித்த வழக்கில் தண்டனை அடைந்தவர் அவர். அவர்தாம் ஊரார் ஒழுக்கத்துக்குக் காவல் நின்றார்! பெரிய மனிதர்கள் அந்த ஏட்டைச் சபையில் திட்டினார்கள். வீட்டுக்குப் போய் ஒளித்து வைத்துப் படித்தார்கள்.

1944 நவம்பரில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கொலை கொலைதான்; அதை எவரும் நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, தண்டிக்கப்பட்டு, இரண்டாண்டுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். பிரிவி கவுன்சில் வரை வழக்கு போன பிறகு 1947-இல் விடுதலையானார்கள். பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

லட்சுமிகாந்தன் போய்விட்டார், அவர் கடையை மட்டும் எவரும் பூட்டவில்லை. 2009 அக்டோபரில் ஒரு தமிழ் நாளேடு நடிகையர் பெயர்களைப் போட்டு இழிவான செய்தி வெளியிட்டது. திரையுலகம் திரண்டெழுந்தது; செய்தி ஆசிரியர் கைதானார். பிறகாவது திருந்தினார்களா? கேளுங்கள் தோழர்களே, அடுத்த கதையை!

தொட்டியும் தீயும்

2018 பிப்ரவரி 24 இரவு, துபாய் விடுதி ஒன்றில் நடிகை ஸ்ரீதேவி இறந்தார். சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டிப் பெண். 1977-இல் 'பதினாறு வயதினிலே' படத்தில் மயிலாக வந்து நின்றபோது, அந்தப் படத்தை எடுத்தவர் நம் தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா. இசை தந்தவர் நம் பண்ணைப்புரத்து இளையராஜா. அவர் மறைவுக்கு இந்தச் சீமையே வருந்தியது. அது மனித இயல்பு.

பேனாக்காரர்கள் செய்தது என்ன? தொட்டி நீரில் மூழ்கி நேர்ந்த விபத்து மரணம் என்று துபாய் அதிகாரிகள் கூறுவதற்கு முன்பே இவர்கள் துப்பறியத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தொலைக்காட்சி, குளியல் தொட்டியின் படத்தைப் போட்டு விளக்கம் சொன்னது. இன்னொரு தொலைக்காட்சியின் செய்தியாளர் தாமே தொட்டிக்குள் இறங்கிப் படுத்துக் காட்டினார்! ஐம்பதாண்டு நடித்த ஒரு கலைஞரின் கலையைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம். தொட்டியின் நீளம் அகலம் பற்றிப் பேச மூன்று நாள்!

பிறகு நம் பெருமகனார்கள் கூடினார்கள். 'பத்திரிகைத் தர்மம் செத்துவிட்டது' என்று அதே திரையில் அழுதார்கள். கொன்றவரே கொள்ளி வைத்தார்.

சரியாக 15 நாள் கழிந்தது. மார்ச் 11, ஞாயிறு. நம் போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீ. சென்னையிலிருந்தும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்த இளைஞர்களும் பெண்களும் சிக்கிக்கொண்டார்கள். மருத்துவமனையில் மாண்டவர்களையும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஹெலிகாப்டர் வருமுன் அந்தப் புகைக்குள் ஏறியவர்கள் யார்? குரங்கணி ஊர் மக்கள். போர்வையிலும் துணியிலும் தூளி கட்டி, வெந்த உடல்களைச் சுமந்து இறக்கியவர்கள் அவர்கள்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: அவர்களில் ஒருவர் பெயரேனும் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நமக்கும் இல்லை. ஆனால் தொட்டி நினைவிருக்கிறது!

எழுபது உயிரும் ஒரு நடிகரும்

இரண்டாண்டு சென்றது. 2020 ஆகஸ்ட் 6. பம்பாய் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் தற்கொலை செய்துகொண்ட விவகாரத்தில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்த நாள். அன்று இரவுதான் நம் மலையின் மறுபக்கம், மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்கள் நான்கு புதைந்தன. உறக்கத்திலேயே மாண்டவர்களும் காணாமற் போனவர்களுமாக 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் விடிந்த பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது.

மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமானம் நொறுங்கியது. அதுவும் பெருந்துயரம். ஆனால் கேரள அரசு விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. லயத்தில் இறந்தவருக்கு 5 லட்சம் என்றது. உயிருக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு!

இதைக் கேள்வி கேட்டு நாடு முழுவதும் முழங்க வேண்டிய வாய்கள் அந்த மாதம் என்ன செய்தன? அந்த நடிகரின் தோழி ரியா சக்ரவர்த்தியைக் கொலைகாரி என்று திரையிலே தீர்ப்பெழுதின. அந்தப் பெண் போதைப்பொருள் வழக்கில் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையிலிருந்தார். 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் இந்த 'ஊடக விசாரணை'யைக் கண்டித்தது. 2025 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்கை முடித்துவைக்க அறிக்கை தந்தது. ஒரு பெண்ணின் வாழ்வில் ஐந்தாண்டு போயிற்று. எந்தப் பெருமகனார் அவர் வாசலில் போய் மன்னிப்புக் கேட்டார்?

ஜனங்கள் கேட்கிறார்களாம்!

இத்தனைக்கும் அவர்களிடம் ஒரே பதில்தான். 'ஜனங்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.'

யார் கேட்டது? சிலமலையிலிருந்து மனுப் போனதா? தினந்தோறும் ஆட்டு மந்தைபோல் ஜீப்பில் அடைபட்டுப் போடிமெட்டு வளைவுகளில் ஏறும் பெண், 'தொட்டியின் ஆழம் என்ன?' என்றா கேட்டாள்? 'கூலி எப்போது உயரும்? ஏலக்காய் விலை ஏறும்போது என் கூலி ஏன் நடந்து வருகிறது? ஜீப் கவிழ்ந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பார்?' — இவைதாம் அவள் கேள்விகள். மதுரைக்கும் போடிக்கும் ஓடிய ரயில் 2010 இறுதியில் நின்றது. அகலப் பாதையில் திரும்பி வந்து சேர்ந்தது 2023 ஜூனில். பன்னிரண்டாண்டு! ஒரு நடிகையின் திருமணத்துக்குக் கிடைத்த பத்தியில் பாதி அந்த ரயிலுக்குக் கிடைத்திருந்தால் இத்தனை ஆண்டு ஆகியிருக்குமா?

நாம் திரைக்கலைக்குப் பகைவர் அல்லர். 2018-இல் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படம் வந்தது. துண்டு நிலம் வாங்கத் துடிக்கும் ஒரு சுமை தூக்கும் தொழிலாளியின் கதை. நம் மலைப்பாதையும் நம் வியர்வையும் அதில் இருந்தன. பார்த்தவர் கண்கலங்கினர். நல்லதைக் கொடுத்தால் மக்கள் கொள்வார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? கலைஞன் மலையேறி வந்துவிட்டான். 'ரசனை போயிற்று' என்று புலம்பும் விமர்சகர்தான் அடிவாரத்துக்கும் வரவில்லை!

ஏழைக்குப் பணம் இல்லை, பதவி இல்லை. ஊர் தன்னைத் திரும்பிப் பார்ப்பது ஒன்றே அவன் பலம். அந்தப் பார்வையைத் திருப்பிக்கொண்டு போகிறவன் வெறும் வம்பளக்கவில்லை. கூலியைத் திருடுகிறான், நீதியைத் திருடுகிறான்.

ஆகவே தோழர்களே! நாளைக் காலை ஏட்டை விரிக்கும்போது ஒன்று செய்யுங்கள். நடிகருக்கு எத்தனை பத்தி, நம் மலைக்கு எத்தனை வரி என்று விரல்விட்டு எண்ணுங்கள். எண்ணியதை ஆசிரியருக்கு எழுதுங்கள். வெட்கம் இருந்தால் திருந்தட்டும். இல்லாவிட்டால் நாலு காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

நம் ஏட்டையும் சேர்த்தே எண்ணுங்கள். குறைந்தால் நம்மையும் கேளுங்கள். கேட்கும் உரிமை, ஜீப்புக்குக் காத்து நிற்கும் உங்களுக்குத்தான் உண்டு!