பத்தடி தூரத்துக் கிரீடம்

விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்தில் துரியோதனன் தலையில் ஏறும் கிரீடத்தைப் பகல் வெளிச்சத்தில் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் முதலில் வியப்பது அதன் எடையைத்தான். இலேசான மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் ஜிகினாவும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டிய அணி அது. தோளில் கட்டும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அப்படித்தான். ஒரு குன்றிமணித் தங்கம் கிடையாது. ஆனாலும், தீப்பந்த வெளிச்சத்தில் ஆடிய காலத்திலேயே, கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவருக்குக்கூட அந்தச் சில்லுகள் ஒரு பேரரசனைக் காட்டின. ஆடுபவரின் கழுத்து எவ்வளவு தாங்கும், பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற இரண்டு கணக்கும் அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தன.

மாறுவேடப் போட்டி என்று பள்ளியிலிருந்து செய்தி வந்ததும் வாடகைக் கடைக்கு ஓடும் பெற்றோருக்கும் இந்த இரண்டு கணக்குகள் போதும். வாடகைக் கிரீடம் பெரும்பாலும் ஏதோ ஒரு தலைக்குச் செய்தது. குழந்தையின் கண்வரை இறங்கி வரும். வசனம் முழுக்க ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் செய்தது அந்தத் தலைக்கென்றே அளவெடுத்தது. அழகில் ஒருபடி குறைந்தாலும் மேடையில் அதுவே ஜெயிக்கும்.

காசு குறைவாக இருந்த இடத்தில்தான் நல்ல யோசனைகள் பிறந்திருக்கின்றன என்பதற்குத் திரைப்பட வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒளிவாள் உலகமே அறிந்தது. அதன் பிடி என்ன தெரியுமா? பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. படத்தின் அரங்கப் பொருள்களைத் தேடியலைந்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் அதைக் கண்டெடுத்தார். ரப்பர் பட்டைகளையும் ஒரு கால்குலேட்டரிலிருந்து எடுத்த சிறு துண்டையும் ஒட்டினார், ஆயுதம் தயார். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்குக் கிடைத்த ஆஸ்கரில் அவருக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு வந்த ‘ஹாலோவீன்’ படக் கொலைகாரனின் முகமூடி, இரண்டு டாலருக்கும் குறைவாகக் கடையில் வாங்கிய ‘ஸ்டார் டிரெக்’ கேப்டன் கிர்க் முகமூடிதான். புருவத்தையும் கிருதாவையும் பிய்த்துவிட்டு, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் அடித்தார்கள். 1975இல் மாண்டி பைத்தான் குழுவினர் எடுத்த ‘ஹோலி கிரெயில்’ படத்தில் வீரர்கள் அணிந்த இரும்புச் சங்கிலிக் கவசம், நூலில் பின்னி வெள்ளிச் சாயம் பூசிய சட்டை.

தாய்லாந்தில் அனுச்சா சேங்சார்ட் என்ற இளைஞர் இதை இன்னொரு திசைக்குக் கொண்டுபோனார். வீட்டுச் சாமான்களையும் காய்கறிகளையும் வைத்தே திரைப்பட, கார்ட்டூன் பாத்திரங்களாக மாறிப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றார். அவருடைய வேடம் கேமராவுக்கு எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் போதும். மேடைக்கு அது போதாது. குழந்தை திரும்பி நடக்கும், குதிக்கும், வணக்கம் சொல்லக் குனியும்.

ஆகவே முதல் கேள்வி, பார்ப்பவர் எதை வைத்து ஆளைக் கண்டுகொள்வார் என்பதுதான். பாரதிக்கு முண்டாசும் மீசையும். காந்திக்கு வட்டக் கண்ணாடி. கம்பியை வளைத்தால் முடிந்தது. அந்த ஓர் அடையாளத்தில் முழு உழைப்பையும் போட்டுவிட்டு, மற்றதை அலமாரியில் இருக்கும் துணியிடம் விட்டுவிடலாம்.

கட்டபொம்மன் வேடமென்றால் வாளும் கிரீடமும் வேண்டும். வீட்டுக்கு வந்த பார்சல் பெட்டியே இரண்டுக்கும் போதும். அட்டையின் உள்ளே நெளிநெளியாக ஓடும் வரிகளைக் கவனிக்க வேண்டும். வரி நெட்டுக்குத்தாக நிற்கும்படி பட்டையை வெட்டினால் தலையைச் சுற்றி மடிப்பு விழாமல் வளையும். படுக்கையாக வெட்டினால் ஆங்காங்கே நொடிந்துவிடும். வாளுக்கு இரண்டு அட்டைகள்: ஒன்றில் வரி நீளவாக்கில், இன்னொன்றில் குறுக்குவாக்கில். நடுவே ஒரு மூங்கில் குச்சியை வைத்து ஒட்டினால் துவளாது. நுனியை மழுக்கிவிட வேண்டும். பக்கத்தில் நிற்பதும் குழந்தைதான்.

நகை வேலைப்பாட்டுக்குச் சணல் கயிறு. ஃபெவிகாலைத் தொட்டுக் கொடியும் பூவுமாக அட்டைமேல் வளைத்து ஒட்டி, இடையிடையே புளியங்கொட்டையும் கொண்டைக்கடலையும் பதித்தால் தூரத்துக்குச் செதுக்கு வேலையாகவே தெரியும். தங்க நிறத்தை நேராக அட்டையில் பூசுவதுதான் பலரும் செய்வது. அட்டை அதைக் குடித்துவிட்டு மங்கலாக நிற்கும். முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் கறுப்பு ஒரு பூச்சு, அதன்மேல் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடான இடங்களை மட்டும் தங்கம் தொட்டுச் செல்ல வேண்டும். பள்ளங்களில் கறுப்பு தங்கிவிடுவதால் பழைய வெண்கலச் சிலைக்குரிய ஆழம் வரும். இந்த ஒரு நுணுக்கம் கடைச் சாமானையும் தோற்கடிக்கும்.

தெர்மாகோல் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஸ்பிரே பெயின்ட் பட்டால் அது கரைந்து குழிவிழும். செருப்பு ஒட்டும் வகைப் பசையும் அப்படியே அரித்துவிடும். செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவைத்த பிறகு, கைத்தூரிகையால் பூசுவதே நல்லது. மாவுப் பசை காய ஓர் இரவு பிடிக்கும் என்பதால், போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி தொடங்கும் வேலை அல்ல இது.

எல்லாமே வீட்டில்தான் நடக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். மதுரையில் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்காக வேடம் பூணும் பக்தர்களின் உடைகளைத் தைப்பதில் புதுமண்டபத்தில் கடை வைத்திருந்த தையல்காரர்கள் பேர்பெற்றவர்கள். அப்படிப்பட்ட கைகளுக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவே அல்ல. அட்டையிலும் பசையிலும் மிச்சம் பிடித்ததைத் தையலுக்குக் கொடுக்கலாம்.

காசு போட்டு வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: நல்ல பசை, சிறு டப்பா வண்ணங்கள், கிரீடத்தின் பின்னால் தைக்க அகல எலாஸ்டிக், உட்புறம் ஒட்ட ஒரு துண்டு ஸ்பாஞ்ச். ஒத்திகையன்று குழந்தை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வசனத்தை முழுசாகச் சொல்லி, கையைத் தூக்கி, இரண்டு முறை குதித்துப் பார்க்கட்டும். எது கழன்றது என்று அப்போதே தெரிந்துவிடும். ஒட்டியதில் பாதி அந்தக் குழந்தையின் கைவேலையாக இருந்தால், போட்டியன்று மேடைக்குப் பின்னால் ஒரு கல் உதிர்ந்தாலும் அழாது. நான்கு ஊக்கும் ஒரு செல்லோ டேப்பும் பையில் இருந்தால் தானே சரிசெய்துகொள்ளும்.