ஓசியில் வந்த விமானங்களா?

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்த வசனத்தைச் சொல்லிவிடுவார். "அமெரிக்காக்காரன் மட்டும் விமானம் கொடுக்கலைன்னா இங்கிலாந்து அன்னைக்கே காலி!" முழுப் பொய் இல்லை. ஆனால் 'கொடுத்தான்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் வில்லங்கம். கல்லாவில் காசை எண்ணி வைத்து அரிசி வாங்கியவனைப் பார்த்து, "கடைக்காரர் மட்டும் கொடுக்கலைன்னா நீ பட்டினிதான்" என்றால் அவன் சும்மா இருப்பானா?

தேதிகளைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். போர் தொடங்கியது 1939 செப்டம்பரில். பணம் வாங்காமல் ஆயுதம் அனுப்ப வழி செய்த லெண்ட்-லீஸ் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டது 1941 மார்ச் 11 அன்று. இடையில் 18 மாதங்கள். பிரான்ஸ் விழுந்தது, லண்டன் மேல் இரவுக்கு இரவு குண்டு விழுந்தது, இங்கிலாந்து கிட்டத்தட்ட தனி ஆளாக நின்றது... எல்லாமே இந்த 18 மாதங்களுக்குள்தான். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த போர் விமானங்கள் காசு கொடுத்து வாங்கியவை. ரொக்க விற்பனையையும் கடனையும் ஒரே கணக்கில் எழுதினால் பி.காம். முதல் வருடத்திலேயே மார்க் போய்விடும். சரித்திரத்தில் மட்டும் அப்படி எழுதலாமாம்!

இந்த வியாபாரம் போருக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1938 ஜூனில் பிரிட்டன், லாக்ஹீட் கம்பெனியிடம் 200 ஹட்சன் விமானங்களும், நார்த் அமெரிக்கன் கம்பெனியிடம் 200 ஹார்வர்ட் பயிற்சி விமானங்களும் ஆர்டர் செய்தது. பயணிகள் விமானத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் ஹட்சன். லாக்ஹீட் அன்றைக்குப் பெரிய கம்பெனியே இல்லை. அதைத் தூக்கி நிறுத்தியதில் இந்த ஆர்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

போர் வந்ததும் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம் குறுக்கே வந்தது. 1939 நவம்பரில் அதைத் திருத்தி 'கேஷ் அண்ட் கேரி' என்றார்கள். காசை வை, சரக்கை நீயே தூக்கிக்கொண்டு போ. அமெரிக்க விமானி கனடாவுக்குள் ஓட்டிக்கொண்டு போய் இறக்கவும் கூடாது. அதனால் 1940 தொடக்கத்தில் வடக்கு டகோட்டாவின் பெம்பினா என்ற எல்லை ஊரில் ஹட்சன்களை இறக்கி, குதிரை கட்டி கனடா பக்கம் இழுத்துப் போனார்கள். குண்டுவீச்சு விமானத்துக்குக் குதிரை! இப்படி இழுத்து வாங்கியதற்குத்தான் 'தானம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

காசு எங்கிருந்து வந்தது? தங்கத்தை விற்றார்கள், அமெரிக்காவில் இருந்த பங்குகளை விற்றார்கள். 1941 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ்டவுன் துறைமுகத்துக்கு லூயிவில் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலே வந்து சுமார் 14.8 கோடி டாலர் மதிப்புள்ள பிரிட்டிஷ் தங்கத்தை ஏற்றிக்கொண்டு போனது. கோர்ட்டால்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான அமெரிக்கன் விஸ்கோஸ் என்ற நல்ல லாபகரமான கம்பெனியை 1941 மார்ச்சில் அவசர அவசரமாக விற்றதில் பிரிட்டனுக்குக் கிடைத்தது சுமார் 5.4 கோடி டாலர். வாங்கிய வங்கியாளர்கள் அதையே 6 கோடிக்கு மேல் கைமாற்றினார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் நகையை அடிமாட்டு விலைக்கு விற்பதில்லையா, அந்த மாதிரி.

இந்தக் கணக்கில் ரொம்ப சுவாரசியமான வரவு மஸ்டாங் விமானம். இன்றைக்கும் அது அமெரிக்காவின் பெருமை. ஆனால் அதைக் கேட்டு வாங்கியது பிரிட்டன். 1940இல் பிரிட்டிஷ் கொள்முதல் குழு நார்த் அமெரிக்கன் கம்பெனியிடம், "கர்ட்டிஸ் கம்பெனியின் பி-40ஐ நீங்களும் தயாரித்துக் கொடுப்பீர்களா?" என்று கேட்டது. "பழசு எதற்கு, புதுசே செய்து தருகிறோம்" என்றார்கள். 102 நாளில் முதல் விமானத்தின் உடல் வெளியே வந்தது. எஞ்சின் வந்து சேரவில்லை, சக்கரம்கூட ஹார்வர்ட் ரகத்திலிருந்து இரவல்! 1940 அக்டோபர் 26 அன்று பறந்தும்விட்டது. இதில் வேடிக்கை, வெளிநாட்டுக்கு விற்க அனுமதிப்பதற்காக இரண்டு விமானங்களை அமெரிக்க ராணுவத்துக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று நிபந்தனை. ஓசியில் வாங்கியது யார் என்று இப்போது சொல்லுங்கள்!

அந்த மஸ்டாங் தாழ்வாகப் பறக்கும்போது அருமையாகப் பறந்தது, உயரே போனால் மூச்சு வாங்கியது. 1942 ஏப்ரலில் ரோல்ஸ்-ராய்ஸ் விமானி ரோனி ஹார்க்கர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, இதில் மெர்லின் எஞ்சினைப் பொருத்தினால் என்ன என்று கேட்டார். மெர்லின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. அதை அமெரிக்காவில் பேக்கர்டு கம்பெனி தயாரிக்கத் தொடங்கியதும் 1940 செப்டம்பரில் போட்ட ஒப்பந்தத்தால்தான். 9000 எஞ்சினில் 6000 பிரிட்டனுக்கு. இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் 1944இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக பெர்லின் வரை போய்த் திரும்பும் மஸ்டாங் கிடைத்தது.

வாங்கியதெல்லாம் வைரமா? இல்லை. ஏராகோப்ரா என்ற விமானத்தில் 675 ஆர்டர் செய்தார்கள். ஒரே ஒரு ஸ்குவாட்ரன் பயன்படுத்தியது, அதுவும் 1941 முடிவதற்குள் கைவிட்டது. 200க்கும் மேற்பட்டவை ரஷ்யாவுக்குப் போயின (அங்கே அவை நன்றாகவே சண்டை போட்டன என்பது வேறு கதை). 1941இல் வந்த 20 பறக்கும் கோட்டைகளும் சோபிக்கவில்லை. வாங்குபவனின் தலையில் விழும் இந்த நஷ்டத்தை நன்கொடை வாங்குபவன் சுமப்பதில்லையே.

அதற்காக அமெரிக்கா வெறும் மளிகைக் கடை நடத்தியது என்றும் சொல்ல முடியாது. 1941 மே 26 அன்று பிஸ்மார்க் கப்பலைக் கண்டுபிடித்த கேட்டலினா விமானத்தில் துணை விமானியாக இருந்தவர் லெனார்ட் ஸ்மித். அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவர் நாடு அன்றைக்கு 'நடுநிலை'! கையில் டாலர் தீர்ந்த பிறகு வந்த லெண்ட்-லீஸ் உதவியும் நிஜமான உதவி. அது இல்லையென்றால் பிரிட்டிஷ் கடற்படைக்கு சுமார் 2000 கோர்ஸேர் விமானங்கள் கிடைத்திருக்காது. பதிலுக்குப் பிரிட்டனும் ஸ்பிட்ஃபயர் உட்பட சுமார் 680 கோடி டாலர் மதிப்புக்கு, காமன்வெல்த் நாடுகளோடு சேர்ந்து அமெரிக்கப் படைகளுக்குக் கொடுத்தது. அதை மட்டும் யாரும் வசனமாகப் பேசுவதில்லை.

கடைசியில் கணக்கு முடித்த விதம்தான் இந்த வித்தியாசத்தைப் பட்டவர்த்தனமாகக் காட்டுகிறது. காசு கொடுத்து வாங்கியது சொந்தம். லெண்ட்-லீஸில் வந்ததை, போர் முடிந்ததும் திருப்பிக் கொடு, இல்லை விலை கொடு, இல்லை அழித்துவிடு. திருப்பி அனுப்பினால் வாங்க ஆளில்லை, விலை கொடுக்க டாலர் இல்லை. ஆகவே 1945, 1946இல் ஆஸ்திரேலியக் கடற்கரைக்கு அப்பால் கோர்ஸேர்களைக் கப்பல் மேல்தளத்திலிருந்து கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். மிச்ச சரக்குகளுக்கு 65 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். அதோடு 375 கோடி டாலர் புதுக்கடன். 2006 டிசம்பரில் பிரிட்டன் கடைசித் தவணை கட்டியபோது பலர் 'போர்க்கால விமானக் கடன் தீர்ந்தது' என்று நினைத்தார்கள். அதில் பெரும்பகுதி போர் முடிந்த பிறகு வாங்கிய கடன்.

அழிக்கச் சொன்னதில் ஒரு பங்கு இந்தியாவிலும் கிடந்தது. கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை மறுபடி பறக்க முடியாதபடி உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூர் எச்.ஏ.எல். ஆட்கள் அவற்றை ஒட்டுப்போட்டு பெங்களூருக்கே பறக்கவிட்டுக் கொண்டுவந்து சீர்செய்தார்கள். 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் அந்த விமானங்களோடுதான் தொடங்கியது. காயலான் கடைக்குப் போக வேண்டிய லிபரேட்டர்கள் 1968 வரை இந்திய விமானப்படையில் பறந்தன.