கவசம் செய்யும் கைகள்

நுழையும் முன்

பொழுதுபோக்கு என்றவுடன் வீணாகக் கழியும் நேரமே பலருடைய நினைவுக்கு வருகிறது. திரைப்படத்தில் தோன்றும் கற்பனைப் போர்வீரனின் கவசத்தை, ஒரு திருகாணியும் மாறாமல் தம் கையாலேயே செய்து அணிவோர் உலகின் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் செய்வது வீண்வேலையா, கல்வியா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

திரையில் பிறந்த கவசம்

1977ஆம் ஆண்டு ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் வெளிவந்தது. விண்வெளிப் பேரரசு ஒன்றின் கொடுங்கோன்மையை எதிர்த்துச் சிலர் போராடுவதே அதன் கதை. அப்பேரரசின் படைவீரர்கள் தலை முதல் கால் வரை வெண்ணிறக் கவசம் அணிந்தவர்கள். 'ஸ்டார்ம்ட்ரூப்பர்' என்பது அவர்களது பெயர். முகம் தெரியாத அந்த வெள்ளை உருவம், கதாநாயகர்களுக்கு இணையாக மக்கள் மனத்தில் பதிந்தது.

அக்கவசத்தின் பின்னே பலருடைய உழைப்பு இருந்தது. அதன் முதல் தோற்றத்தை ஓவியமாகத் தீட்டியவர் ரால்ஃப் மெக்குவாரி. கவசத்தைக் களிமண்ணில் வடித்தவர் பிரையன் மியூர் என்னும் ஆங்கிலேயச் சிற்பி. படத்தின் உடையலங்காரத்தைப் பொறுப்பேற்றுச் செய்த ஜான் மோலோவுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. உண்மையில் அக்கவசம் இரும்பாலோ எஃகாலோ ஆனதன்று. மெல்லிய நெகிழித் தகட்டால் ஆனது. சில மாதப் படப்பிடிப்பைத் தாங்கினால் போதும் என்று விரைந்து செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் ஒவ்வொரு விளிம்பையும் மக்கள் அளந்து பார்ப்பார்கள் என்று அதைச் செய்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கைவேலையின் படிநிலைகள்

இக்கவசத்தைச் செய்ய விரும்புவோர் முதலில் படத்தைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்க்கின்றனர். 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களிலும் தலைக்கவசங்கள் சிறு சிறு வேறுபாடுகள் உடையவை. எந்தப் படத்தின் கவசம் என்று முடிவு செய்த பின்னரே வேலை தொடங்கும்.

ஏபிஎஸ் என்னும் நெகிழித் தகட்டைச் சூடேற்றினால் அது நனைந்த துணிபோலத் தொய்ந்துவிடும். அதனை அச்சின்மேல் பரப்பிக் கீழிருந்து காற்றை உறிஞ்சினால், தகடு அச்சோடு ஒட்டி அதன் வடிவத்தைப் பெறும். இவ்வாறு வார்த்த துண்டுகளைச் சிலர் தாமே செய்துகொள்கின்றனர். பலர் விலைக்கு வாங்குகின்றனர். எவ்வாறாயினும், வந்து சேர்வது கவசமன்று. விளிம்பு வெட்டப்படாத நெகிழித் துண்டுகளின் குவியலே.

அதன் பின்னர்தான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. மிகுதியான விளிம்புகளை வெட்ட வேண்டும். உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கைக்கும் காலுக்கும் முன்பாதி, பின்பாதி என இரண்டிரண்டு துண்டுகள் உண்டு. அணிபவரின் உடலளவுக்கு ஏற்ப அவற்றைக் குறைத்து, விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்து, இணைப்பின்மேல் ஒரு நெகிழிப் பட்டையை ஒட்ட வேண்டும். அப்பட்டையின் அகலத்துக்கும் கணக்கு உண்டு: கைகளில் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர், கால்களின் முன்புறம் 20 மில்லிமீட்டர். பசை முழுமையாக இறுக ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதுவரை சிறு காந்தங்களையும் கவ்விகளையும் கொண்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் ஒட்டு விட்டுப்போகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இடது முழங்காலில் மட்டும் தனியான ஒரு காப்புத்தகடு உண்டு. முதுகின் கீழ்ப்புறம் சாம்பல் நிறக் குழாய் ஒன்று தொங்கும். கையிலுள்ள துப்பாக்கியோ, ஸ்டெர்லிங் என்னும் பிரித்தானியத் துப்பாக்கியோடு சில உறுப்புகளை இணைத்துப் படத்துக்காக உருவாக்கப்பட்டது. ஆர்வலர்கள் அதன் மாதிரியை மரத்திலோ குழாயிலோ செய்கின்றனர். தலைக்கவசத்தின் பக்கங்களிலுள்ள கோடுகள் படத்துக்காகக் கையால் தீட்டப்பட்டவை. ஆகவே அவை நேர்த்தியாக இருப்பதில்லை. அந்த நேர்த்தியின்மையையும் அப்படியே தீட்டுபவரே தேர்ந்த கைவினைஞராக மதிக்கப்படுகிறார்.

பார்த்துச் செய்வது படைப்பாகுமா?

"பிறர் செய்ததை அப்படியே செய்வதில் என்ன பெருமை? புதிதாக ஒன்றைப் படைப்பதன்றோ கலை?" என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் அது கற்றலின் முதற்படியை மறந்துவிடுகிறது. 'ழ' என்னும் எழுத்தைப் புதிதாகக் கற்கும் குழந்தை, புள்ளிகளின்மேல் எழுதிப் பழகுகிறது. எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கண் அறியுமுன் கை அறிந்துகொள்கிறது. பின்னாளில் அக்குழந்தைக்கென்று ஒரு கையெழுத்து அமைகிறது. பார்த்து எழுதாதவருக்குத் தனிக் கையெழுத்து அமைவதில்லை.

கவசம் செய்பவரும் அவ்வாறே பார்க்கக் கற்கிறார். ஆயிரம் முறை பார்த்த படத்திலும் அதுவரை கவனிக்காத ஒரு திருகாணி அவர் கண்ணில் படுகிறது. அது ஏன் அங்கே உள்ளது, அதைப் பொருத்தியவர் எந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றார் என்று சிந்திக்கிறார். முன்னோர் ஒருவரின் கைவேலையை அடிதோறும் பின்பற்றிச் செல்லும்போது, அவருடைய அறிவும் ஓரளவு கைவசமாகிறது.

இந்தக் கவனத்துக்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு காட்சியில், கதவுவழியே நுழையும் வீரர் ஒருவர் நிலையில் தலையை இடித்துக்கொள்கிறார். அது நடிப்பன்று, தவறு. பார்வையாளர்கள் அதைக் கண்டுபிடித்துப் பேசிப் பேசிப் புகழ்பெறச் செய்தனர். 2004ஆம் ஆண்டு அப்படத்தின் புதிய பதிப்பு வந்தபோது, அந்த இடத்தில் இடிக்கும் ஓசையையும் சேர்த்துவிட்டனர். கூர்ந்து பார்ப்பவரின் கண், படைத்தவரின் கையையும் அசைத்துவிட்டது.

தீயவர் உடை, நல்லவர் செயல்

கொடுங்கோலனின் படைவீரனைப் போல உடுப்பது சரியா என்பது அடுத்த வினா. இதற்குச் சொல்லால் விடை கூறுவதைவிட, நடந்தவற்றைக் காட்டுவதே பொருத்தம்.

1997ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஆல்பின் ஜான்சன் என்பவர் தம் நண்பருடன் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். '501ஆவது லீஜன்' என்பது அதன் பெயர். கவசம் செய்து அணிவோர் கூடும் இடமாகத் தொடங்கிய அவ்வமைப்பு, இன்று பல நாடுகளில் கிளைகளுடன் விளங்குகிறது. 18 வயது நிரம்பியவரே அதில் சேரலாம். உறுப்பினர்கள் தம் செலவில் கவசம் செய்து, மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைகளைக் காணச் செல்கின்றனர். அறச்செயல்களுக்கு நிதி திரட்ட உதவுகின்றனர். தமக்கென ஊதியம் பெறுவதில்லை.

ஜான்சனின் சிறு மகளுக்கு மூளையில் கட்டி ஏற்பட்டது. படத்தில் வரும் சிறு இயந்திரத் தோழனைப் போன்ற ஒன்று தனக்குக் காவலாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். இயந்திர மாதிரிகளைச் செய்யும் ஆர்வலர்கள் அவளுக்காக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றை உருவாக்க முன்வந்தனர். 2005ஆம் ஆண்டு, 7 வயதில் அவள் மறைந்தாள். அவள் பெயரின் ஒலியைத் தாங்கிய 'ஆர்2-கேடி' என்னும் அந்த இளஞ்சிவப்பு இயந்திரம், அதன் பின்னரும் நோயுற்ற குழந்தைகளைக் காணச் சென்றுகொண்டிருந்தது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்திலும் அது இடம்பெற்றது.

இவ்வமைப்பின் பெயரும் மூலக்கதைக்குள்ளேயே நுழைந்தது. 2004ஆம் ஆண்டு திமொதி ஜான் எழுதிய புதினம் ஒன்றில் 501ஆவது படையணி இடம்பெற்றது. 2005ஆம் ஆண்டுப் படத்தின் கதையுலகிலும் அப்பெயருடைய படை அமைந்தது. 2007ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் நடந்த ரோஜா அணிவகுப்பில் ஏறக்குறைய 200 உறுப்பினர்கள் கவசத்துடன் நடந்தனர். பார்த்துச் செய்தவர்களைப் படைத்தவரே தம் விழாவுக்கு அழைத்துக்கொண்டார். உடை நன்மையோ தீமையோ செய்வதில்லை. உடுத்தவரின் உள்ளமே செய்கிறது.

செலவும் படிப்பும்

பெற்றோரின் அச்சத்தையும் புறக்கணிக்க இயலாது. முழுமையான கவசம் ஒன்றுக்கு ஆகும் செலவு ஆயிரம் டாலர் அளவை எட்டுவதுண்டு. வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்து, வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டி வாழும் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. அதனைக் கேட்டு அடம்பிடிப்பது முறையன்று. கூரிய கத்தியும் நெடியுள்ள பசையும் சூடான நெகிழியும் பெரியவர் துணையின்றிக் கையாளத் தக்கவையும் அல்ல.

ஆனால் பொருட்செலவு வேறு, கைத்திறன் வேறு. பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள், பசை, அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டே ஒரு தலைக்கவசம் செய்யலாம். தட்டையான தாளை எவ்வாறு வெட்டினால் உருண்டை வடிவம் கிடைக்கும் என்பது வடிவியல். படத்திலுள்ள உயரத்துக்கும் தன் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கண்டறிவது கணக்கு. பசை ஏன் இறுகுகிறது, நெகிழி ஏன் இளகுகிறது என்பன அறிவியல். தேர்வுத்தாளில் மட்டுமே கண்ட பாடங்கள் அங்கே கையில் வந்து நிற்கின்றன. படிப்பைக் கெடுப்பது கைவேலையன்று; எதையும் தொடங்கிப் பாதியில் விடும் பழக்கமே.

அளவுகோல் யாருக்கு?

இப்பொழுதுபோக்கில் உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் உள்ளது. 'திரையில் உள்ளவாறே' என்னும் அளவுகோலைச் சிலர் பிறரை இகழப் பயன்படுத்துகின்றனர். "உன் உயரம் போதாது", "உன் உடல் பருமன்", "இது அட்டை" என்னும் சொற்கள் முதல் முயற்சியிலேயே ஒருவரை விரட்டிவிடும். 2011ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கிப் பின்னர் மும்பை, பெங்களூரு, ஐதராபாத் முதலிய நகரங்களுக்கும் பரவிய காமிக் கான் விழாக்களில், வேடம் புனைந்து வரும் இளைஞர் பலர். அவர்களுள் அட்டைக் கவசம் அணிந்து வருபவரைக் கண்டு சிரிப்பவர், கவசத்தின் வரலாற்றையே அறியாதவர். மூலக் கவசமும் மெல்லிய நெகிழியே. அதன் கோடுகளும் கோணலானவையே.

துல்லியம் என்பது தன் வேலைக்குத் தானே வைத்துக்கொள்ளும் அளவுகோல். அதனைப் பிறர் தோளில் வைத்து அளக்கத் தொடங்கினால், அது கைத்திறனின் நெறியாக இராது, செருக்காகிவிடும். தேர்ந்தவர் ஒருவர் புதியவரிடம், "இந்த விளிம்பை இன்னும் சிறிது தேய்த்துப் பாருங்கள்" என்று கூறி உப்புத்தாளை நீட்டுவதே அக்கலைக்கு அழகு.

பிறர் படைப்பை மதிப்பதும் இத்துல்லியத்தின் ஒரு பகுதியே. அன்புக்காகச் செய்வது வேறு. அனுமதியின்றி விற்றுப் பொருளீட்டுவது வேறு. இத்தலைக்கவசம் தொடர்பான வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அது படத்துக்குப் பயன்படும் பொருளேயன்றிச் சட்டத்தின் பார்வையில் சிற்பமன்று என 2011ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் எவ்வாறு கூறினும், "இதை முதலில் வடித்தவர் இன்னார்" என்று சொல்வதே கைவினைஞனுக்குரிய நேர்மை.

ஆகவே, அறிவியல் புனைகதைக் கவசம் செய்வது வீண்வேலையன்று. கூர்ந்து பார்த்தல், பொறுத்திருத்தல், பிழை கண்டால் பிரித்து மீண்டும் செய்தல், செய்ததைப் பிறர் மகிழ்ச்சிக்குப் பயன்படுத்துதல் ஆகிய நான்கையும் ஒருங்கே கற்பிக்கும் கைக்கல்வி அது. விலைக்கு வாங்கி அணிபவருக்கு ஒரு நாள் வேடம் கிடைக்கிறது. தானே செய்தவருக்கோ, வேடத்தைக் கழற்றிய பின்னும் கையில் தொழில் தங்குகிறது.

சொற்பொருள்

நெகிழி – பிளாஸ்டிக்
உப்புத்தாள் – தேய்த்து வழவழப்பாக்கும் சொரசொரப்பான தாள்
நிலை – கதவைத் தாங்கும் சட்டம்
புதினம் – நாவல்
செருக்கு – கர்வம்

பயிற்சி

1. கவசத்தின் கை, கால் துண்டுகள் எவ்வாறு இணைக்கப்படுகின்றன?
2. 'ழ' எழுதப் பழகும் குழந்தையின் எடுத்துக்காட்டு எக்கருத்தை விளக்குகிறது?
3. "துல்லியம் என்பது தன் வேலைக்குத் தானே வைத்துக்கொள்ளும் அளவுகோல்" – இக்கூற்றை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் அறிந்த கைவேலை எது? அதன் படிநிலைகளைக் கேட்டறிந்து வரிசைப்படுத்தி எழுதுக.