வலையோடு ஆடும் பிள்ளை



கிரிக்கெட் என்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அமெரிக்க நாட்டுப் பிள்ளைகளிடம் நெடுங்காலமாக அந்த இடத்தைப் பிடித்திருப்பது பேஸ்பால். பெண்பிள்ளைகளுக்கு அதன் தங்கையாகிய சாஃப்ட்பால். நம் பங்குகளிலிருந்து அந்நாடு சென்று குடியேறிய குடும்பங்கள் இன்று பல. அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளித் தோழரோடு சேர்ந்து இவ்விளையாட்டுகளில் ஈடுபடுகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் தாத்தா பாட்டிமார், வீட்டின் பின்புறப் புல்தரையில் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்ட வலை ஒன்றைக் கண்டு, இது எதற்கு என்று வியப்பதுண்டு. மீன் பிடிக்கவும் ஆகாது, பந்தல் போடவும் ஆகாது. அவ்வலையைப் பற்றியும், அதன் முன்னே தனித்து நிற்கும் பிள்ளையைப் பற்றியும் இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

ரிபவுண்டர் என்று அதற்குப் பெயர். எறிந்த பந்தை எறிந்தவரிடமே திருப்பி அனுப்புவது அதன் வேலை. எஃகுக் குழாயாலான சட்டம். அதற்குச் சற்றுச் சிறியதாக ஒரு நைலான் வலை. இரண்டையும் இணைக்க நாற்புறமும் சுருள்வில்லோ, இழுபடும் ரப்பர்க் கயிறோ. பந்து வலையில் பட்டதும் கயிறுகள் நீள்கின்றன. நீண்டவை மீண்டும் சுருங்கும்போது பந்தை உந்தித் தள்ளுகின்றன. நடுவில் வேறு நிற நாடாவால் ஒரு கட்டம் தைத்திருப்பர். பந்து வீசப் பழகும் பிள்ளைக்கு அதுவே குறி.

பேஸ்பாலின் அடிப்படைப் பயிற்சி, இருவர் எதிரெதிரே நின்று பந்தை எறிந்து பிடிப்பதாகும். மட்டை வேண்டாம், திடல் வேண்டாம். ஆளுக்கொரு தோல் கையுறையும் ஒரு பந்தும் போதும். அந்நாட்டில் தந்தையும் மகனும் மாலை நேரத்தில் இவ்வாறு ஆடுவது ஏறத்தாழ ஒரு குடும்ப வழக்கம். ஆனால் இரண்டாவது ஆள் எப்போதும் கிடைப்பாரா? தந்தை பணியிலிருந்து திரும்ப இரவாகிறது. தாய்க்கு வேறு அலுவல். அண்டை வீட்டுப் பிள்ளை வேறு வகுப்புக்குச் சென்றுவிட்டான். அப்போது அந்த எதிராளின் இடத்தை ஏற்பது வலை.

வலை வருமுன்னர் சுவர் இருந்தது. கிரிக்கெட் அறிந்த நம்மவர்க்கு ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் கதை தெரிந்திருக்கும். பௌரல் என்னும் சிற்றூரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது திரும்பி வரும்போது ஸ்டம்ப்புக் குச்சியாலே அடித்துப் பழகிய சிறுவன் அவர். பின்னாளில் டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எட்டிய சராசரி 99.94. பேஸ்பால் உலகிலும் இதற்கு ஒப்பான செய்தி ஒன்று உண்டு. 1954-இல் பிறந்த ஆசி ஸ்மித், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். வீட்டு வாயிலிலிருந்த சிமெந்துப் படிகளில் பந்தை எறிந்து, அது திரும்பி வருவதைப் பிடிப்பது அவருடைய சிறுவயது விளையாட்டு. எறிந்து பிடிக்கப் பிடிக்கப் படிகளுக்கு இன்னும் நெருங்கி வந்து நிற்பார். தொலைவு குறையக் குறையக் கண்ணுக்கும் கைக்கும் கிடைக்கும் நேரமும் குறையும் அல்லவா? அந்தச் சிறுவனே வளர்ந்து, சான் டியேகோ அணியிலும் பின்னர் 1982 முதல் செயின்ட் லூயிஸ் அணியிலும் ஷார்ட்ஸ்டாப் என்னும் இடத்தில் நின்று பந்து தடுத்தார். தடுப்பாட்டத்தில் சிறந்தவர்க்கு அளிக்கும் தங்கக் கையுறைப் பரிசை 1980 முதல் 1992 வரை ஓராண்டும் விடாமல் 13 முறை பெற்றார். அத்தனைக்கும் தொடக்கம் காசு பணம் செலவில்லாத வாசற்படி.

அப்படியாயின் சுவரே போதுமே, வலைக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று சிக்கனமுள்ள இல்லத்தரசி கேட்பது நியாயம். ரப்பர்ப் பந்தாயின் சுவரே போதும். நாமும் அதையே சொல்வோம். ஆனால் உண்மையான பேஸ்பால் பந்து தக்கை உள்ளீட்டின்மேல் கம்பளி நூல் இறுகச் சுற்றி, தோல் போர்த்தி, 108 இரட்டைத் தையல் இட்டது. எடை ஏறத்தாழ 145 கிராம். அதைச் சிமெந்துச் சுவரில் எறிந்தால் சில நாட்களிலேயே தோல் கிழிந்து தையல் விட்டுப்போகும். மரப்பலகைச் சுவர்கள் மிகுந்த அந்நாட்டு வீடுகளில் சுவருக்கும் கேடு, அண்டை வீட்டாரின் அமைதிக்கும் கேடு. வலையில் இவ்விரண்டும் இல்லை.

மேலும், சுவரைச் சாய்க்க இயலாது; வலையைச் சாய்க்கலாம். வலையின் முகம் வானத்தை நோக்கிச் சாய்ந்தால் பந்து மேலெழும்பி, அண்ணாந்து பார்த்துப் பிடிக்க வேண்டிய பந்தாக வரும். முகம் தரையை நோக்கினால் உருண்டும் துள்ளியும் வரும். நிமிர்ந்து நின்றால் மார்புக்கு நேராக வரும். ஒரே பிள்ளை, ஒரே இடத்தில் நின்று, மூவகைப் பந்துகளையும் அரை மணி நேரத்தில் பழகிக்கொள்ளலாம். எறிந்த வேகத்தில் ஒரு பகுதியைக் கயிறுகள் விழுங்கிவிடுவதால் திரும்பும் பந்து சற்று மெதுவாகவே வரும். இன்னும் விரைவாக வர வேண்டும் என விரும்பும் பிள்ளை என்ன செய்யும்? இன்னும் பலமாக எறியும். அங்கேதான் நாம் குறுக்கிட வேண்டும். ஆசி ஸ்மித் செய்தது போலச் சற்று நெருங்கி நின்றாலே போதும். கைக்கு வேலை ஏறாமல் கண்ணுக்கு வேலை ஏறும். பத்துப் பன்னிரண்டு அடியில் தொடங்கி, கீழ்க்கையாக மெல்ல எறிந்து பிடிப்பதே பந்து தடுக்கப் பழகும் பிள்ளைக்குத் தகும்.

சாஃப்ட்பால் பற்றியும் ஒரு சொல். பெயர் மென்பந்து என்றாலும் இன்றைய பந்தில் மென்மையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1887-ஆம் ஆண்டு நன்றியறிதல் நாளன்று சிகாகோ நகரின் படகுச் சங்கக் கட்டடம் ஒன்றில், இளைஞர்கள் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிக் கோலால் அடித்து ஆடியதில் பிறந்தது அவ்வாட்டம். அந்தக் கையுறை மென்மையாகத்தான் இருந்திருக்கும்! இன்றைய பந்து 12 அங்குலச் சுற்றளவும், பேஸ்பாலைவிடக் கூடிய எடையும் உடையது. கையைச் சக்கரம்போல் முழுவட்டம் சுழற்றிக் கீழ்க்கையாக வீசுவர். வளர்ந்த பெண்கள் வீசும் தொலைவு 43 அடி. பேஸ்பாலில் அது 60 அடி 6 அங்குலம். சிறுவர் ஆடும் லிட்டில் லீக்கில் 46 அடி. வீச்சுப் பழகுபவர் தத்தம் தொலைவை நாடாவால் அளந்து கோடிட்டுக்கொள்வது நல்லது. கண்ணளவில் நிற்கும் பிள்ளை நாளுக்கொரு தொலைவில் நிற்கும்.

இனி, பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டிய செய்திக்கு வருவோம்.

எதிரே மனிதர் நின்றால் அவருக்குக் களைப்பு வரும். "போதும், தம்பி, உள்ளே வா" என்பார். வலைக்குக் களைப்பில்லை, போதும் என்ற சொல்லும் இல்லை. பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். பிள்ளையும் எறிந்துகொண்டே இருக்கும். அரை மணியில் நூறு முறை எறிவது எளிது. ஆர்வமுள்ள பிள்ளை இருநூறும் எறியும். அந்த ஆர்வத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் வளரும் பிள்ளையின் முழங்கை, ஆர்வத்தின் கணக்கை ஏற்பதில்லை. தலைக்கு மேலாகக் கையை வீசி எறியும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்புறம் இழுபடுகிறது. சிறுவயதில் அவ்விடத்து எலும்பின் நுனி இன்னும் முற்றாமல், வளர்ச்சிக் குருத்தெலும்பாகவே இருக்கும். தசைநாரைக் காட்டிலும் அது வலுக் குறைந்தது. ஆகவே மிகுதியான இழுப்பில் முதலில் நலிவது அதுவே. அமெரிக்க மருத்துவர்கள் 1960-லேயே இந்நோய்க்கு லிட்டில் லீக் பிள்ளைகளின் பெயரையே இட்டு எழுதினர்.

வளர்ந்தவர்க்கு அவ்விடத்தில் அறுவது தசைநார். 1974-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை வீச்சாளர் டாமி ஜானுக்கு அது அறுந்தபோது, மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலக்கையிலிருந்து நரம்புநாண் ஒன்றை எடுத்து இடமுழங்கையில் பொருத்தினார். ஓராண்டு முழுவதும் ஆடாதிருந்து, 1976-இல் திரும்பிவந்து, 1989 வரை அவர் வீசினார். அந்த அறுவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் பிழைத்துவந்த கதையை மட்டும் கேட்டுவிட்டு, கை கெட்டால் சரிசெய்து கொள்ளலாம் என்று எண்ணும் பெற்றோரும் அங்கே உளர் என்பது வருந்தத்தக்கது. அலபாமா மாநிலத்து பர்மிங்காம் நகர மருத்துவ ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்றைச் சொல்ல வேண்டும். தோளிலோ முழங்கையிலோ அறுவை செய்துகொண்ட 95 இளம் வீச்சாளர்களை, கேடு எதுவும் அடையாத 45 பேருடன் அவர்கள் ஒப்பிட்டனர். கை களைத்த பின்னும் வீசிக்கொண்டிருக்கும் வழக்கமுள்ளவர்க்கு அறுவைக்கு உள்ளாகும் வாய்ப்பு 36 மடங்கு என்று கண்டனர்.

மறு ஆண்டு, 2007 முதல், லிட்டில் லீக் நிறுவனம் வீச்சு எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. ஒரு நாளில் 7, 8 வயதினர் 50 வீச்சு. 9, 10 வயதினர் 75. 11, 12 வயதினர் 85. அதற்கு மேல் 16 வயது வரை 95. அத்துடன் ஓய்வுக் கணக்கும் உண்டு: பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒரே நாளில் 66 முறையோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் வீசக்கூடாது. இவ்வரம்பு ஆட்டத்திற்கு இடப்பட்டது என்பதைக் கவனியுங்கள். சனிக்கிழமை திடலில் 70 வீச்சு வீசியவன், ஞாயிறு மாலை வீட்டு வலையின் முன் நின்று இன்னும் 100 வீசினால், அதை எழுதிவைக்க அங்கே அலுவலர் எவரும் இல்லை. சாஃப்ட்பால் கீழ்க்கை வீச்சாதலால் கைக்குக் கேடில்லை என்பர் சிலர். அதை நம்பி ஒரே சிறுமியை நாள்தோறும் வீசச் செய்வதும் உண்டு. தோள்வலியோடு மருத்துவரிடம் செல்லும் சிறுமியர் அக்கூற்றை ஒப்பமாட்டார்கள்.

எதிரே ஆள் நிற்பதன் அருமையை அந்நாட்டின் பழைய வீரர் இருவர் வரலாற்றில் காணலாம். அயோவா மாநிலத்து வான் மீட்டர் ஊரின் உழவர் மகன் பாப் ஃபெல்லர். அவர் எறிந்த பந்தைத் தொழுவத்தருகே நின்று பிடித்தவர் அவருடைய தந்தை. மகன் ஆடுவதற்கென்றே தம் நிலத்தில் ஒரு திடலும் அமைத்தார். 1936-இல், 17 வயதில், பள்ளிப்படிப்பு முடியுமுன்பே ஃபெல்லர் கிளீவ்லாந்து அணிக்காக ஆடி, தாம் தொடங்கி வீசிய முதல் ஆட்டத்திலேயே 15 பேரை வெளியேற்றினார். மற்றவர் பேப் ரூத். 1902-இல், ஏழு வயதில், பால்டிமோர் நகரில் சவேரியார் சபைச் சகோதரர்கள் நடத்திய புனித மரியன்னை தொழிற்பள்ளியில் விடப்பட்டவர். அடங்காத பிள்ளை. அங்கே சகோதரர் மத்தியாஸ் என்னும் நெடிய உருவத்தினர், ஒரு கையால் மட்டையைப் பிடித்துப் பந்தை வானளாவ அடித்துத் தருவார். ரூத் ஓடிப் பிடிப்பார். பேஸ்பால் உலகின் பெரும்புகழ் பெற்ற பின்னரும் ரூத் அவரை மறக்கவில்லை. எந்த வலைக்கும் இப்படி ஒரு மாணவன் நன்றி சொல்லியதாக நாம் கேட்டதில்லை.

எனினும் வலையை ஒதுக்கச் சொல்லவில்லை. வாங்கும் வீட்டார்க்குச் சில குறிப்புகள். சட்டத்தின் குழாய்மேல் ரப்பர் அல்லது பஞ்சுறை இருப்பது நல்லது. வெறும் குழாயில் பட்ட பந்து எத்திசையில் பாயும் என்று சொல்ல இயலாது. சட்டத்தை முளையடித்துத் தரையில் கட்டுங்கள், காற்றுக்கு விழும். நைலான் வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். பயன்படாத மாதங்களில் மடித்து உள்ளே வைக்கலாம். கயிறுகள் தளர்ந்தால் பந்து பாதி வழியில் விழும், அப்போது மாற்ற வேண்டும். பந்தை மட்டையால் அடித்துப் பழகுவதற்கு வேறு வகை வலை உண்டு. அது தொய்வாகத் தொங்கிப் பந்தை விழுங்கிக்கொள்ளும். இறுக்கமான இந்த வலையில் மட்டையால் அடித்தால், பந்து அடித்தவர் முகத்தை நோக்கியே திரும்பும். சிறு பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென எண்ணிவிடுவர். முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

தோள் நோகும் தந்தையும் இதில் பங்குகொள்ள ஒரு வழி உண்டு. அவர் பக்கவாட்டில் நின்று கீழ்க்கையாக மெல்ல வலையில் எறிய, மகளோ மகனோ எதிரே நின்று திரும்பும் பந்தைப் பிடிக்கட்டும். எந்தப் பக்கம் வரும் என்று பிள்ளைக்கு முன்கூட்டித் தெரியாது. தானே எறிந்து தானே பிடிக்கையில் கிடைக்காத பழக்கம் இது. எறிதல் முழுவதும் தந்தையுடையதாதலால் பிள்ளையின் கைக்கும் ஓய்வு.

வீச்சுப் பழகும் நாளில் கணக்கு வைக்க ஆட்டத்தின் விதிகள் ஒன்றும் தெரிய வேண்டுவதில்லை. பாட்டியார் ஒரு நாற்காலியைப் புல்தரையில் போட்டு அமர்ந்துகொள்ளலாம். மடியில் ஒரு கிண்ணம்; கிண்ணத்தில் எண்ணிப் போட்ட ஐம்பது புளியங்கொட்டை. ஒரு வீச்சுக்கு ஒன்று வெளியே. கிண்ணம் காலியானால் பேரன் உள்ளே வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை கிடைக்காத ஊராயின் அவரை விதையும் ஆகும்.