தாடிக்கு மதச் சீட்டா?

பொன்னமராவதிக் கடைத்தெருவில் நம்மவர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கையில், மதுரைப் போலீஸ்காரரின் தாடி வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. “மதமே வேண்டாம் என்கிற நீங்கள், முஸ்லீமின் தாடிக்கு மட்டும் பரிந்து பேசுவானேன்?” என்று ஓர் அன்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆகவே சற்று விவரமாகவே பதில் எழுதுகிறோம்.

அந்தப் போலீஸ்காரர் ஒரு முஸ்லீம். 2018 நவம்பரில் 31 நாள் ரஜா பெற்று மக்காவுக்குப் போய்வந்தார். திரும்பியதும் காலில் நோய் கண்டு, ரஜாவை நீட்டித்துக் கேட்கப் போனார். ரஜா கிடைக்கவில்லை, “தாடி ஏன்?” என்ற கேள்விதான் கிடைத்தது. ரஜா முடிந்தும் வேலைக்கு வராதது ஒரு குற்றம், தாடி ஒரு குற்றம் என்று எழுதி, 2021-ல் 3 வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அப்பீலில் அது 2 வருஷமாயிற்று. 2024-ல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அந்தத் தண்டனையை ரத்து செய்து, 8 வாரத்துக்குள் தகுந்த உத்தரவு போடும்படி கமிஷனருக்கே திருப்பி அனுப்பிற்று. முஸ்லீம் போலீசார் ஒழுங்காகக் கத்தரித்த தாடி வைத்துக்கொள்ளலாமென்று 1957-ம் வருஷத்துச் சென்னைப் போலீஸ் கெஜட்டிலேயே இருக்கிறதாம்! அனுமதி தந்து 64 வருஷம் கழித்துத் தண்டனை!

தாடியில் புண்ணியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நாம் நம்புகிறவர்களல்ல. ஆனால் திருடனைத் துரத்துகிற காலுக்குத் தாடி குறுக்கே வருமா? மதச்சின்னம் என்பதுதான் ஆட்சேபணையென்றால், ஆயுத பூஜையன்று போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்களே, அது எந்தச் சின்னம்? சர்க்கார் ஆபீசுகளிலிருந்து சாமி படங்களை எடுத்துவிடும்படி 1968-லேயே அண்ணா சர்க்கார் உத்தரவு போட்டது. அதை மதிக்காததற்காக எத்தனை பேருக்குச் சம்பள உயர்வு நின்றது என்று கேட்கிறோம். பெரும்பான்மையோர் பக்தி செய்தால் அது வழக்கம். சிறுபான்மையோர் செய்தால் அது ஒழுங்கீனம்! நாம் பரிந்து பேசுவது தாடிக்காக அல்ல, இந்த ஓரவஞ்சனையை எதிர்த்தேயாகும்.

நிற்க. தீர்ப்பு நமக்குச் சந்தோஷமே. ஆனால் அது போன வழி திருப்தியாயில்லை. 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஆகாயப்படையிலிருந்த ஒரு முஸ்லீமின் தாடி வழக்கைத் தள்ளிவிட்டது. மழிக்கக்கூடாதென்று மதமே தடுத்திருந்தால்தான் அந்தப் படையில் சலுகை உண்டு. சீக்கியருக்கு அப்படித் தடை இருக்கிறது, இஸ்லாத்தில் இருப்பதாகக் காட்டவில்லை என்றார்கள். ஆகவே ஒருவன் தன் முகத்து மயிரை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு, ஜட்ஜுகள் மௌல்விகளாகி வேத விசாரணை செய்யவேண்டியிருக்கிறது. மதுரையில் நபியின் வழி என்பதால் செல்லுகிறது; ஆகாயப்படையில் கட்டாயமில்லை என்பதால் செல்லவில்லை.

நமது ஈரோட்டுத் தாடிக்காரர் போலீசில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1957 கெஜட்டின்படி அவருக்கு இடமில்லை. கடவுள் சொன்னார் என்றால் வைக்கலாம். எனக்கு இஷ்டம் என்றால் வைக்கக்கூடாது! பகுத்தறிவுக்காரனுக்குக் கிடைக்காத உரிமை, மதக்காரனுக்கு மட்டும் சலுகையாகக் கிடைப்பது என்ன நியாயம்?

அன்பர் விடாமல், “பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குச் சர்க்கார் அரிசி கொடுக்கிறதே?” என்றார். அது பொதுப்பணம், மானசரோவர் யாத்திரைக்குக் கொடுக்கும் உதவித்தொகையும் அப்படியே. இரண்டும் நமக்குச் சம்மதமில்லை. ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுகிறவரோடு நாம் சேரமாட்டோம். தாடிக்கோ சர்க்கார் பணம் ஒரு காசும் செலவில்லை.

முகமூடி போட்டுச் செய்யவேண்டிய வேலைக்குத் தாடி இடைஞ்சல் என்றால், அந்த வேலையில் எல்லாரும் மழித்துக்கொள்ளட்டும். மதம் பேசி யாரும் தப்பவேண்டாம். மற்ற வேலைகளில், கத்தரித்த தாடி எவனுக்கும் ஆகும். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 1957 கெஜட்டின் அனுமதியிலுள்ள ‘முஸ்லீம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் போதும்.