துஞ்சினவும் செத்தனவும்

செத்தாரைத் துஞ்சினார் என்றல் மங்கலம். அவையிற் கூறத் தகாததை வேறு சொல்லாற் கூறல் இடக்கரடக்கல். நெடுங்காலமாக மாணாக்கர்க்கு இவற்றைக் கற்பித்து வரும் நான், விஞ்ஞானத் துறையிலும் இவ்வழக்குகள் உண்டென்பதை ஐக்கிய அமெரிக்காவின் கழிவுக் கசடு பற்றி வாசித்தபோது உணர்ந்தேன்.

நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் எஞ்சும் கசட்டைப் பதப்படுத்தி வயலுக்குப் பசளையாக இடுதல் அந்நாட்டு வழக்கம். 1990களின் தொடக்கத்தில் அத்துறையினர் அதற்கு ‘உயிர்த்திண்மம்’ எனப் பொருள்படும் புதுப்பெயர் சூட்டினர். பெயர் மாறிற்று, பண்டம் மாறவில்லை.

1993இல் அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் வகுத்த விதி கசட்டை இரு வகுப்பாக்கிற்று. முதல் வகுப்பில் நோய்க்கிருமிகள் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைதல் வேண்டும். இரண்டாம் வகுப்பிலோ, மலக்கலப்பைக் காட்டும் கோலிவகைப் பற்றீரியா உலர்கசட்டின் ஒரு கிராமில் 20 இலட்சம் வரை இருக்கலாம். எஞ்சியவற்றை வெயிலும் காலமும் அழிக்கும் என்பது விதியின் துணிபு. ஆகவே மேய்ச்சலுக்கு 30 நாளும், மண்ணைத் தொட்டு விளையும் உணவுப் பயிரின் அறுவடைக்கு 14 மாதமும், கிழங்குகளுக்கு 20 அல்லது 38 மாதமும் காத்திருத்தல் வேண்டும். எண்ணிப் பாராமலே, குறித்த முறையிற் பதப்படுத்தியமை கொண்டு இவ்வகுப்பிற் சேர்க்கும் வழியும் உண்டு. காற்றின்றி நொதிக்க வைத்தல் அம்முறைகளுள் ஒன்று.

இங்கேதான் இடர். அவ்வாறு நொதித்த கசட்டை நீர் பிரிப்பதற்காக மையநீக்கப் பொறியிற் சுழற்றியபோது, சில நிலையங்களில் பற்றீரியாத் தொகை பன்மடங்கு பெருகக் கண்டனர். புதிதாக அவை எங்கிருந்தும் வந்தனவல்ல. வளர்ப்புத் தட்டில் முளையாமையால் இறந்தனவென எண்ணப்பட்டவை, உயிரோடு உறங்கியிருந்தன என்பதை அவற்றின் மரபுப்பொருளை அளந்த ஆய்வு காட்டிற்று. நாம் செத்தாரைத் துஞ்சினார் என்கின்றோம். அவர்களோ துஞ்சினவற்றைச் செத்தன என்று பதிந்தனர்.

அச்சமூட்டுதல் என் நோக்கமன்று. அவ்விதி மக்கள் நலத்தைக் காக்கத் தவறியதற்கு ஆவணப்பட்ட விஞ்ஞானச் சான்று இல்லை என்றே அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிச் சபை 2002இல் அறிக்கையிட்டது. ஐயம் அகல மேலும் ஆராய்தல் வேண்டும் என்றும் அதுவே வற்புறுத்திற்று. மண் தந்த வளத்தை மண்ணுக்கே மீட்டலும் நன்றே. ஆயினும் பொறியை விட்டு வெளிவந்த பின்னரும், வயலில் இடுமுன்னரும் எண்ணிப் பார்த்தல் வேண்டாவா? கையால் அதனை அள்ளுபவன் உழவன். அவனுக்கு வேண்டுவது மங்கல வழக்கன்று. உள்ளதை உள்ளவாறு கூறும் சொல்லே.